டிஷ் ரிசீவர் சீரியல் கேபிளுக்குப் பதில் சொல்லாதபோது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

டிஷ் ரிசீவரை வீட்டுத் தானியக்கத்தோடு இணைக்க இரண்டு வழி இருக்கிறது. ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளியை ஒரு சின்ன எல்இடியால் அனுப்புவது ஒன்று. ரிசீவரின் முதுகில் உள்ள சீரியல் போர்ட்டில் கேபிளைக் கொழுவி நேராகக் கட்டளை கொடுப்பது மற்றது. அகச்சிவப்பில் நாம் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா, ரிசீவர் எரிகிறதா அணைந்திருக்கிறதா, எந்தச் சனலில் நிற்கிறது, எதுவும் தெரியாது. சீரியலில் ரிசீவர் பதில் சொல்லும். கேபிள் இழுத்து, அடப்டர் வாங்கி, இத்தனை பாடுபடுவதற்கு அந்தப் பதில் ஒன்றுதான் காரணம்.

யாழ்ப்பாணத்தில் இது வெறும் பொழுதுபோக்கு வேலை இல்லை. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, வயதான இருவர் மட்டும் இருக்கும் வீடுகள் எத்தனையோ. ரிவிக்கு ஒரு ரிமோட், டிஷ்ஷுக்கு ஒரு ரிமோட். ஏதோ ஒரு பொத்தான் மாறி அமத்துப்பட்டால் பிறகு அன்று முழுக்கப் படம் இல்லை. ஒரே பொத்தானை அமத்தினால் எட்டு மணிச் செய்தி வர வேண்டும் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம். அந்தப் பொத்தான் ஒரு நாள் வேலை செய்து ஒரு நாள் பொய்த்தால், அம்மம்மா அதை மறுபடி தொடமாட்டார். அதனால்தான் பிழையை அரைகுறையாக விடாமல் அடிவரை தேட வேண்டும் என்கிறேன்.

தேடும் ஒழுங்கு ஒன்றே ஒன்று: முதலில் ரிசீவர் என்ன சொல்கிறது என்று கேளுங்கள், பிறகு பேசுங்கள். கட்டளையை மாற்றி மாற்றி அனுப்பிப் பார்ப்பதால் நேரம்தான் போகும்.

தொடங்க முன்னர்: உங்கள் பெட்டி கட்டளை ஏற்குமா?

சீரியல் போர்ட் இருப்பதால் மட்டும் பெட்டி கட்டளை ஏற்கும் என்று சொல்ல முடியாது. ட்ரீம்பொக்ஸ் போன்ற, எனிக்மா 2 என்ற மென்பொருளில் இயங்கும் பெட்டிகளுக்குள் ஓடுவது லினக்ஸ். அவற்றின் சீரியல் போர்ட் அந்த லினக்ஸின் கொன்சோல், அதாவது எழுத்தால் கட்டளை கொடுக்கும் வாசல். வேகம் 115200, எட்டு பிட், பரிட்டி இல்லை, ஒரு ஸ்டொப் பிட். உள்ளே லொகின் ஆனால் எதுவும் செய்யலாம். அமெரிக்காவின் டைரக்ட் ரிவி ரிசீவர்கள் வேறு மாதிரி. அவை பைட் பைட்டாகப் பைனரிக் கட்டளை எடுக்கின்றன; கட்டளை 250 என்ற பைட்டில் தொடங்கும். அந்தச் சேவை இங்கே கிடையாது என்றாலும், பைனரியாகப் பேசும் எந்தப் பெட்டிக்கும் அதில் வரும் சிக்கல்கள் பொருந்தும் என்பதால் கீழே அதையும் சேர்த்திருக்கிறேன்.

மூன்றாவது வகைதான் இங்கே அதிகம்: இந்தியாவின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் பார்க்க வாங்கும், சந்தா இல்லாத மலிவான ரிசீவர்கள். இவற்றில் பலவற்றின் சீரியல் போர்ட் மென்பொருளைப் புதுப்பிக்கவும் சனல் பட்டியலை ஏற்றி இறக்கவும் மட்டுமே. கறண்ட் கொடுத்தவுடன் ஏதோ எழுதும், அதற்குப் பிறகு காது கேட்காது. உங்களுடையது அப்படி என்றால் அது பழுதில்லை; அகச்சிவப்பு வழிக்குப் போய்விடுங்கள். டயலொக் ரிவி போன்ற சந்தாப் பெட்டி என்றால் தொடக்கத்திலேயே அகச்சிவப்பைத் திட்டமிடுவது நல்லது.

கையில் இருக்க வேண்டியவை: மல்ரிமீற்றர், ஒரு யூஎஸ்பி சீரியல் அடப்டர், ஒரு துண்டு வயர், மடிகணினியில் பிகோகொம் அல்லது மினிகொம் போன்ற ஒரு டெர்மினல் (சீரியலில் எழுத்தை அனுப்பி வாங்கும் மென்பொருள்). ஹோம் அசிஸ்டென்ட், நோட்-ரெட் போன்ற தானியக்க மென்பொருளெல்லாம் இப்போதைக்கு ஓரமாக இருக்கட்டும். டெர்மினலில் கையால் செய்ய முடியாததைத் தானியக்கத்தாலும் செய்ய முடியாது.

அறிகுறி: அடப்டரைச் செருகியும் கணினியில் போர்ட் தெரியவில்லை

லினக்ஸ் என்றால் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளையைப் பாருங்கள். 0403:6001 என்று வந்தால் எஃப்டிடிஐ சிப். 067பி:2303 என்றால் ப்ரொலிஃபிக். 1ஏ86:7523 என்றால் சிஎச்340. மூன்றுக்கும் டிரைவர் லினக்ஸ் கேர்னலிலேயே இருக்கிறது. தனியாக ஒன்றும் இறக்க வேண்டியதில்லை. எண் அங்கே தெரியாவிட்டால் யூஎஸ்பி சொக்கெற், கேபிள், அல்லது அடப்டரே பிழை.

எண் தெரிகிறது, போர்ட் ஒரு கணம் தோன்றி உடனே மறைகிறது என்றால், அதுவும் உபுண்டு 22.04இல் சிஎச்340 அடப்டர் என்றால், காரணம் அநேகமாக பிஆர்எல்டிடிஒய் (brltty) என்ற மென்பொருள். பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் திரைக்கானது அது. இதே எண்ணுள்ள சிப் சில பிரெயில் கருவிகளிலும் இருப்பதால், உங்கள் அடப்டரையும் பிரெயில் திரை என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. வீட்டில் அதை யாரும் பயன்படுத்தவில்லை என்றால் நீக்கிவிடலாம்.

போர்ட் நிலையாக இருக்கிறது, திறக்கும்போது அனுமதி இல்லை என்கிறது என்றால் பயனரை, போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் (dialout) குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள்.

விண்டோஸில் மஞ்சள் முக்கோணமும் பிழை 10உம் வந்தால், அது பெரும்பாலும் ப்ரொலிஃபிக்கின் பழைய சிப் அல்லது அதன் போலி. புதிய டிரைவர் அவற்றை வேண்டுமென்றே மறுக்கிறது. அதே அடப்டர் லினக்ஸில் ஒழுங்காக ஓடும் என்பதால் தூக்கி எறியாமல், ராஸ்பெரி பை என்ற சின்ன லினக்ஸ் கணினிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: போர்ட் திறக்கிறது, ரிசீவரிடமிருந்து ஓர் எழுத்தும் வரவில்லை

பெரும்பாலானோர் நின்றுவிடும் இடம் இதுதான். இங்கே மென்பொருளைத் தொடவே வேண்டாம்.

முதலில் அடப்டரைத் தனியாகச் சோதியுங்கள். ரிசீவரிலிருந்து கழற்றி, ஒன்பது பின் பிளக்கில் 2ஆம் பின்னையும் 3ஆம் பின்னையும் வயர்த் துண்டால் தொடுத்துவிட்டு டெர்மினலில் ஏதாவது தட்டுங்கள். தட்டியது திரையில் திரும்பி வர வேண்டும். டெர்மினலின் சொந்த எதிரொலி அமைப்பு அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது எரிந்திருந்தால் வயர் இல்லாமலே எழுத்துத் தெரியும், சோதனை ஏமாற்றிவிடும். வயரை எடுத்தால் எழுத்து நிற்க வேண்டும். இரண்டும் சரி என்றால் அடப்டர், டிரைவர், டெர்மினல் மூன்றும் நல்லவை.

அடுத்தது மல்ரிமீற்றர். ரிசீவருக்குக் கறண்ட் கொடுத்து, மீற்றரை டிசி 20 வோல்ற்றில் வையுங்கள். ரிசீவரின் சீரியல் சொக்கெற்றில் 5ஆம் பின்னில் (இரு பக்கத்துக்கும் பொதுவான புவிப் பின்) கறுப்பு முனை. சிவப்பு முனையை 2இலும் பிறகு 3இலும் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்எஸ்-232 என்ற வழமையான சீரியல் முறையில் அனுப்பும் பின், பேச்சில்லாத நேரத்தில் எதிர் மின்னழுத்தத்தில் இருக்கும்: மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ற் வரை. கேட்கும் பின் பூச்சியத்தை ஒட்டி இருக்கும். இந்த ஒரு அளவீட்டில் மூன்று விடை கிடைக்கும்.

ரிசீவரின் 2ஆம் பின் மைனஸ் காட்டினால், அது 2இல் அனுப்பி 3இல் கேட்கிறது. உங்கள் யூஎஸ்பி அடப்டர் 3இல் அனுப்பி 2இல் கேட்பது. ஆகவே நேர் கேபிள் போதும். ரிசீவரின் 3ஆம் பின் மைனஸ் காட்டினால் இரண்டும் ஒரே பின்னில் அனுப்புகின்றன. 2உம் 3உம் குறுக்காக மாறிய நல் மோடம் கேபிள் வேண்டும். வெளியில் பார்த்தால் இரண்டு கேபிளும் ஒரே மாதிரி இருக்கும். கஸ்தூரியார் வீதிப் பக்கம் வாங்கும்போது கடையிலேயே மீற்றரின் பீப் சத்தத்தால் 2 எங்கே போகிறது என்று பார்த்து வாங்குங்கள். உறையில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

எந்தப் பின்னிலும் மைனஸ் இல்லை, ஒன்றில் மட்டும் நிலையாகப் பிளஸ் 3.3 அல்லது 5 வோல்ற் என்றால், அது ஆர்எஸ்-232 அல்ல, டிடிஎல், அதாவது சிப்புகள் தமக்குள் பேசும் தாழ்ந்த மின்னழுத்த மட்டம். 3.5 மில்லிமீற்றர் ஓடியோ சொக்கெற் போல இருக்கும் சீரியல் போர்ட்டுகளிலும், பெட்டியைத் திறந்தால் பலகையில் தெரியும் நான்கு ஊசி இணைப்புகளிலும் இதை எதிர்பாருங்கள். இதற்கு டிடிஎல் அடப்டர் வேண்டும், அதுவும் மின்னழுத்தம் பொருந்தியதாக. மறுபக்கமாக, ராஸ்பெரி பையின் ஊசிகள் 3.3 வோல்ற் மட்டுமே தாங்கும். உண்மையான ஆர்எஸ்-232 கோட்டை அதில் நேரே கொழுவினால் பை போய்விடும். நடுவில், மட்டத்தை மாற்றிக் கொடுக்கும் மேக்ஸ்3232 சிப் உள்ள சின்னப் பலகை ஒன்று போடுங்கள். மேக்ஸ்232 என்று எழுதிய பழைய சிப் 5 வோல்ற்றுக்கானது. அதை 3.3இல் ஓட்டினால் சில நேரம் வேலை செய்வதுபோல் காட்டிக் கழுத்தறுக்கும்.

எல்லாப் பின்னும் பூச்சியம் என்றால் உடனே செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். சில சிப்புகள் மறுபக்கம் யாரும் இல்லாவிட்டால் மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடும். அடப்டரைக் கொழுவி வைத்துக்கொண்டு மறுபடி அளந்து பாருங்கள்.

சரி, மின்னழுத்தமும் கேபிளும் பொருந்திவிட்டன. இப்போது டெர்மினலைத் திறந்து வைத்துவிட்டு, ரிசீவரின் பிளக்கைக் கழற்றி மறுபடி போடுங்கள். கட்டளை எதுவும் அனுப்ப வேண்டாம். பெரும்பாலான பெட்டிகள் பூட் ஆகும்போது தானாகவே ஏதோ எழுதும். அந்த எழுத்து வந்தால் பாதி வேலை முடிந்தது.

இதற்குள்ளேயே ஒளிந்திருக்கும் இன்னொரு பிழை: ரிவியின் எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றினால் சீரியலும் நின்றுவிடுகிறது. சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும். காரணம், சீரியல் கேபிளில் 5ஆம் பின்னின் வயர் அறுந்திருக்கிறது. மின்னோட்டம் எச்டிஎம்ஐ உறை வழியாகவும் ரிவி வழியாகவும் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தது. இப்படி ஓடும் அமைப்பு எந்த நாளிலும் நிற்கலாம். 5ஆம் பின்னை ஒழுங்காக ஒட்டுங்கள்.

அறிகுறி: எழுத்து வருகிறது, குப்பையாக வருகிறது

குப்பை வருவது நல்ல செய்தி. கோடு உயிரோடு இருக்கிறது. 115200, 57600, 38400, 19200, 9600 என்று வேகத்தை மாற்றி, ஒவ்வொரு தடவையும் ரிசீவரை மறுபடி பூட் செய்து பாருங்கள். எல்லா வேகத்திலும் குப்பை என்றால் மட்டம் தலைகீழாக இருக்கலாம். ஆர்எஸ்-232இல் ஒன்று என்பது மைனஸ், டிடிஎல்லில் ஒன்று என்பது பிளஸ். ஒன்றை மற்றதோடு நேரே கொழுவினால் எத்தனை வேகம் மாற்றினாலும் தெளியாது.

பெரும்பாலும் தெளிவு, இடையிடையே ஓரிரு எழுத்துக் கெட்டுப்போகிறது என்றால் கேபிளின் நீளத்தைப் பாருங்கள். 9600இல் 15 மீற்றர் போகும். 115200இல் அவ்வளவு தூரத்தை நம்பக் கூடாது. ஹோலில் ரிசீவர், உள்ளறையில் ராஸ்பெரி பை என்று கூரைக்கு மேலால் வயர் இழுப்பதை விட, ரிசீவருக்குப் பக்கத்தில் இஎஸ்பி என்ற சின்ன வைஃபை பலகை ஒன்றை வைத்து வைஃபையில் கொண்டுபோவது நல்லது.

இஎஸ்பி8266 என்றால் ஒரு கவனம். அது தொடங்கும்போது 74880 என்ற விசித்திர வேகத்தில் தன் முதன்மை சீரியல் ஊசியில் எதையோ எழுதும். அந்த ஊசியோடு ரிசீவர் இணைந்திருந்தால் குப்பை ரிசீவருக்குள் போகும். இந்தப் பலகையை இயக்க ஈஎஸ்பிஹோம் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் அதன் லொகர் (பதிவு) பகுதியில் வேகத்தைப் பூச்சியம் என்று போட வேண்டும். இல்லாவிட்டால் பதிவுச் செய்திகளும் அதே கோட்டால் ரிசீவருக்குப் போகும்.

ராஸ்பெரி பை 3இல் ஊசிகளுக்கு வரும் மினி யுஆர்ட் என்ற சீரியல் சுற்றின் வேகம் சிப்பின் உள் கடிகாரத்தோடு சேர்ந்து ஆடும். பை சும்மா இருக்கும்போது தெளிவாகவும் வேலை கூடும்போது குப்பையாகவும் வந்தால் இதுதான் காரணம். புளூடூத்தை அணைத்து நல்ல யுஆர்ட்டை ஊசிகளுக்கு மாற்றுங்கள், அல்லது யூஎஸ்பி அடப்டருக்குப் போங்கள். நான் எப்போதும் யூஎஸ்பியைத்தான் சொல்வேன்.

அறிகுறி: ரிசீவர் பேசுகிறது, நாம் சொல்வதைக் கேட்கவில்லை

ஒரு திசை ஓடுகிறது, மறு திசை இல்லை. முதலில் அடப்டரின் 3ஆம் பின்னிலிருந்து ரிசீவரின் கேட்கும் பின் வரை வயர் தொடர்கிறதா என்று பீப் வைத்துப் பாருங்கள். பிறகு டெர்மினலில் ஆர்டிஎஸ்-சிடிஎஸ் வன்பொருள் கட்டுப்பாட்டை அணையுங்கள். மூன்றே வயர் உள்ள கேபிளில் அது எரிந்திருந்தால், வராத அனுமதிக்காகக் கணினி காத்துக்கொண்டே இருக்கும்.

வரி முடிவும் ஒரு பொறி. கையால் தட்டும்போது என்ரர் விசை 13 என்ற பைட்டை அனுப்புகிறது. ஸ்கிரிப்டில் எழுதும் வரி முடிவு 10ஆக இருக்கும். சில பெட்டிகளுக்கு 13 மட்டும்தான் புரியும். கையால் தட்டினால் வேலை செய்கிறது, நோட்-ரெட்டில் செய்யவில்லை என்பதற்கு இதைவிடப் பொதுவான காரணம் கிடையாது.

பெட்டி பைனரியாகப் பேசுவது என்றால், கட்டளையை எழுத்துச் சரமாக அனுப்பாதீர்கள். 250 என்ற பைட்டைச் சரத்துக்குள் வைத்தால் யுனிகோட் குறியாக்கம் அதை 195, 186 என்ற இரண்டு பைட்டாக உடைத்துவிடும். ரிசீவருக்கு அது கட்டளையே இல்லை. நோட்-ரெட்டில் பஃபர் என்ற வடிவில் அனுப்ப வேண்டும், பைதனில் பைட்ஸ் என்ற வடிவில்.

இன்னும் ஒரு வினோதமான நிலை இருக்கிறது. ராஸ்பெரி பையின் ஊசிகளில் எனிக்மா பெட்டியைக் கொழுவியவுடன், யாரும் தொடாமலே திரையில் பெயர் கேட்பதும் பிழை சொல்வதுமாக எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். பையும் தன் சீரியல் ஊசியில் ஒரு லொகின் கொன்சோலை வைத்திருக்கிறது, ரிசீவரும் வைத்திருக்கிறது. ஒன்றின் கேள்வியை மற்றது பயனர் பெயர் என்று எடுத்துக்கொள்ள, இரண்டும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டே இருக்கின்றன. பையின் அமைப்புக் கட்டளையான ராஸ்பி-கொன்ஃபிக்கில் (raspi-config) சீரியல் கொன்சோலை அணைத்து, சீரியல் வன்பொருளை மட்டும் எரிய விடுங்கள்.

பதில் பாதி பாதியாக வருகிறதா? ஒரே போர்ட்டை இரண்டு மென்பொருள் திறந்து வைத்திருக்கின்றன. வந்த எழுத்தில் கொஞ்சம் இவருக்கு, கொஞ்சம் அவருக்கு. சோதனைக்குத் திறந்த மினிகொம் பின்னால் இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: எல்லாச் சனலும் மாறுகிறது, 10ஆம் சனல் மட்டும் மாறவில்லை

கேட்டால் நம்ப மாட்டார்கள், ஆனால் பைனரிப் பெட்டிகளில் இதற்குத் தெளிவான காரணம் உண்டு. சனல் எண் இரண்டு பைட்டாகப் போகிறது: எண்ணை 256ஆல் வகுத்த ஈவு முதல் பைட், மீதி இரண்டாவது. லினக்ஸின் டெர்மினல் அடுக்கு, இயல்பான அமைப்பில், வெளியே போகும் 10ஐ வரி முடிவு என்று நினைத்து முன்னால் ஒரு 13ஐச் சேர்த்துவிடும். ஆகவே 10 கெடும். இரண்டாவது பைட் 10ஆக வரும் 266, 522, 778 எல்லாமும் கெடும். இடையே உள்ள சனல்கள் எல்லாம் நன்றாக இருக்கும்.

இதன் இன்னொரு முகம்: எதேச்சையாக ஒரு சனலுக்குப் போனபின் எல்லாமே உறைந்துவிடுகிறது. ரிசீவர் பதிலில் 19 என்ற பைட் வந்தால், மென்பொருள் ஓட்டக் கட்டுப்பாடு எரிந்திருக்கும் போர்ட் அதை 'நிறுத்து' என்ற சைகையாக எடுத்துக்கொள்ளும். 17 வரும் வரை எதையும் அனுப்பாது. 17 வராமலே போகலாம்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். எஸ்டிடிஒய் (stty) கட்டளையால் போர்ட்டை, பைட்டை மாற்றாமல் அப்படியே கடத்தும் ரோ (raw) நிலைக்கு மாற்றி எதிரொலியையும் அணைத்துவிடுங்கள். அந்த அமைப்பு போர்ட் மூடித் திறக்கும்போது நிலைக்காமல் போகலாம் என்பதால், போர்ட்டைத் திறக்கும் மென்பொருளே ஒவ்வொரு முறையும் அதைச் செய்யும்படி வையுங்கள்.

அறிகுறி: கேபிள் கொழுவியிருந்தால் ரிசீவர் பூட் ஆகவில்லை

கேபிளைக் கழற்றினால் பூட் ஆகிறது என்றால் ரிசீவர் பழுதில்லை. சில பெட்டிகளின் பூட்லோடர் (முதலில் ஓடி மற்றதை எழுப்பும் நிரல்), தொடங்கும்போது சில வினாடி சீரியலில் ஏதாவது விசை வருகிறதா என்று காத்திருக்கும். வந்தால் பூட்டை நிறுத்திவிட்டுக் கட்டளைக்கு நிற்கும். தானியக்கம் நிமிடத்துக்கு ஒரு தடவை 'எரிகிறாயா' என்று கேட்கும்படி எழுதியிருந்தால், அந்தக் கேள்வி சரியாக அந்த வினாடிகளில் விழுந்துவிடும். கறண்ட் போய் வந்து, பையும் ரிசீவரும் ஒன்றாக எழும்பும்போது இது அடிக்கடி நடக்கும்.

ரிசீவரிடமிருந்து எழுத்து வரத் தொடங்கினால் வாயை மூடிக்கொள், லொகின் வரி வந்த பின்தான் பேசு என்று நிரலில் எழுதுங்கள்.

அறிகுறி: போட்டால் அணைகிறது, அணைத்தால் எரிகிறது

ரிமோட்டின் பவர் பொத்தான் நிலையை மாற்றிப் போடுவது. எரிந்தால் அணைக்கும், அணைந்திருந்தால் எரிக்கும். தானியக்கமும் அதே பொத்தானையே போலச் செய்தால், வீட்டில் ஒருவர் ரிமோட்டைத் தொட்டவுடன் கணக்கு மாறிவிடும். எட்டு மணிக்குச் செய்தி வரவேண்டிய நேரத்தில், தாத்தா ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்த ரிவி அணையும்.

எனிக்மா 2இல் இதற்கு நல்ல வழி இருக்கிறது. சீரியல் கொன்சோலில் லொகின் ஆகி, பெட்டிக்குள்ளேயே ஓடும் ஓப்பன்வெப்இஃப் (OpenWebif) என்ற இணையச் சேவையை டபிள்யூகெற் (wget) கட்டளையால் கூப்பிடலாம். பவர்ஸ்டேட் (powerstate) என்ற முகவரிக்கு எண் கொடுக்காமல் கேட்டால் இப்போதைய நிலையைச் சொல்லும். 0 கொடுத்தால் மாற்றிப் போடும், அதை விட்டுவிடுங்கள். 4 கொடுத்தால் எழுப்பும், 5 கொடுத்தால் காத்திருப்புக்கு அனுப்பும். எழும்பியிருப்பதை மறுபடி எழுப்பினால் கேடு ஒன்றும் இல்லை. அனுப்பியபின் நிலையை மறுபடி கேட்டு உறுதிசெய்யுங்கள். பெட்டி வலைப்பின்னலில் இருந்தால் இதே முகவரிகளைச் சீரியல் இல்லாமலே கூப்பிடலாம். ரவுட்டர் படுத்திருக்கும் நேரத்தில்தான் சீரியலின் அருமை தெரியும்.

எழுப்பும் கட்டளைக்குப் பதிலே இல்லை என்றால், அது 1 என்ற எண்ணால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போயிருக்கலாம். அந்த நிலையில் பிரதான சிப் அணைந்துவிடும். ரிமோட்டுக்கு விழிக்கும், சீரியலில் கூப்பிட்டால் விழிக்காது. தானியக்கத்தில் இருக்கும் பெட்டிக்கு ஆழ்ந்த தூக்கம் வேண்டாம்.

அறிகுறி: கறண்ட் போய் வந்த பிறகு வேறொரு கருவி பதில் சொல்கிறது

இரண்டு அடப்டர் உள்ள வீட்டில், லினக்ஸ் போர்ட்டுகளுக்கு இடும் டிடிஒய்-யூஎஸ்பி-0 (ttyUSB0), 1 என்ற பெயர்கள் எழும்பும் வரிசைப்படி மாறும். ரிசீவருக்குப் போக வேண்டிய கட்டளை இன்வேட்டருக்குப் போகும். எண்ணை நம்பாமல், சீரியல் கோப்புறையில் (/dev/serial) பை-ஐடி (by-id) என்ற பெயரைப் பயன்படுத்துங்கள். சிஎச்340 போன்ற சிப்புகளுக்குத் தனி அடையாள எண் கிடையாது. ஒரே மாதிரி இரண்டு இருந்தால் பை-பாத் (by-path) என்ற பெயரை எடுத்து, எந்தச் சொக்கெற்றில் எது என்று மாறாமல் வைத்திருங்கள். சொக்கெற்றுக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்தால் அடுத்த முறை தூசு தட்டுபவருக்கும் உதவும். தானியக்க மென்பொருளை டொக்கர் கொன்டெய்னருக்குள் ஓட்டுபவர்கள், அடப்டரைக் கழற்றி மாட்டினால் கொன்டெய்னரையும் மறுபடி தொடங்குங்கள்.

அறிகுறி: கேபிளைத் தொட்டால் சுள்ளென்கிறது, இடி மின்னலுக்குப் பிறகு போர்ட் செத்துவிட்டது

இரண்டுக்கும் வேர் ஒன்று. இரண்டு பின் பிளக் உள்ள ரிசீவரிலும் ரிவியிலும் புவித்தொடுப்பு இல்லை. அவற்றின் மின்வழங்கிக்குள் உள்ள சின்னக் கொள்ளளவி வழியாக, 230 வோல்ற்றின் ஒரு பங்கு உலோக உறையில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆளுக்கு ஆபத்தில்லை, சுள்ளென்றுதான் இருக்கும். ஆனால் சீரியல் பின் முதலில் தொடும் கணத்தில் அது சிப்பைக் கொல்லலாம். கேபிளைக் கொழுவும்போதும் கழற்றும்போதும் இரண்டு பக்கத்துப் பிளக்கையும் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். உறையைத் தொட்டால் கை உதறும் அளவுக்கு அடித்தால் அது வேறு விஷயம், மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.

மின்னல் இன்னும் மோசம். சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் இங்கே இடி அதிகம். கூரையில் இருக்கும் டிஷ்ஷின் கேபிள் ரிசீவருக்குள் வருகிறது, அங்கிருந்து சீரியல் கேபிள் உங்கள் பைக்குள், பையிலிருந்து லான் வயர் ரவுட்டருக்குள். பக்கத்துப் பனையில் விழும் இடி இந்தப் பாதை முழுவதையும் தேடி வரும். டிஷ்ஷின் இரும்புத் தண்டைப் புவித்தொடுப்புச் செய்யுங்கள். சீரியலில் தனிமைப்படுத்திய அடப்டர் ஒன்று வாங்குங்கள். இரு பக்கத்துக்கும் இடையே வயர்த் தொடர்பே இல்லாமல் தகவல் மட்டும் கடக்கும். விலை கூடத்தான். நேரடி இடிக்கு அதுவும் நிற்காது, ஆனால் பக்கத்தில் விழுவதில் பெரும்பாலானவற்றுக்கு நிற்கும். இஎஸ்பி பலகையை ரிசீவரின் யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்க வைத்து வைஃபையால் பேசினால், அதே பாதுகாப்பு இன்னும் மலிவாகக் கிடைக்கும்.

குருநகர், பாசையூர் போலக் கடலை ஒட்டிய வீடுகளில் ஒன்பது பின் சொக்கெற் உப்புக்காற்றில் களிம்பு பிடிக்கும். விட்டு விட்டு வேலை செய்யும் இணைப்பு என்றால் பின்களை ஒருமுறை கொன்டக்ட் கிளீனரால் துடையுங்கள்.

அறிகுறி: கட்டளை ஏறிற்று, பதிலும் சரி, படம் மட்டும் இல்லை

இனிச் சீரியலில் தேட எதுவும் இல்லை. டிஷ் பிடிக்கும் கேயு பாண்ட் அலைவரிசைச் சிக்னல் பெருமழையில் விழும். மாரி காலத்தில் இது நாளாந்தம் நடப்பது. தானியக்கம் படம் இல்லை என்று கண்டு ரிசீவரை மறுபடி மறுபடி பூட் செய்தால், மழை விட்ட பிறகும் படம் வரத் தாமதமாகும். எனிக்மா 2இல் ஓப்பன்வெப்இஃப்பின் சிக்னல் (signal) என்ற முகவரியைக் கேட்டால் இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் அளவைத் தரும். வெயில் நாளில் அந்த எண் என்ன என்று குறித்து வைத்துக்கொண்டு, அதைவிட நன்றாகத் தாழ்ந்தால் எதையும் தொடாமல், 'மழை, கொஞ்சம் பொறுங்கோ' என்று ஒலிபெருக்கியில் சொல்ல வைக்கலாம். பெட்டி கெட்டுவிட்டதோ என்று வீட்டிலிருப்பவர்கள் பதற மாட்டார்கள்.

வெயிலிலும் எண் தாழ்வாகவே நின்றால் ஏணியை எடுங்கள். அதற்கு முன் ரிசீவரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பியில் உள்ள எஃப் கனெக்ரரைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால், நல்ல செம்பு தெரியும் வரை கேபிளை வெட்டிப் புதிய கனெக்ரர் போட்டு, ரப்பர் ரேப் சுற்றி, மழைநீர் கேபிள் வழியே உள்ளே இறங்காதபடி கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள்.